நீல டிரம்மில் ஒன்பது உருளைகள்

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை. யாரோ அட்டையை மடித்து அடியில் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் நசுங்கித் தட்டையாகிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, ஐயா. பழக்கதோஷம். எங்கே போய் உட்கார்ந்தாலும் அடியில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் என் கண் போகும்.

நிதானமாகவே சொல்கிறேன், நீங்கள் கையால் எழுத வேண்டியிருக்கிறது. என் நோட்டு உங்கள் மேசையில் இருப்பதைப் பார்த்தேன். லேப் மிஷினுக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அது கிடைக்காமல் போயிருந்தாலும் நானே வந்திருப்பேன். ரோலர் ஓட்டும் கண்ணாடிக்காரரை ஒன்பது நாளாக இந்த ஸ்டேஷனில் வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் நீங்களே ஆள் அனுப்பிவிட்டீர்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. உருட்டச் சொன்ன இடத்தில் உருட்டினார், அவ்வளவுதான். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வேளைக்குச் சாப்பிட வேண்டும். இதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

ரோடு வேலையில் நான் மண் சோதிப்பவன். பதினெட்டு வருடம் ஆகிறது. லேப் என்று பெயர், உள்ளே போனால் தகரக் கூரை போட்ட ஒரே அறை. கேம்பில் எல்லோரும் என்னைக் கிழங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க உருளை, உருளை என்று நான் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுச் சமையல்காரர் வைத்த பெயர். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. பொதுவாகவே எனக்குக் கோபம் வராது. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன் என்று அக்கா சொல்வாள்.

அந்த ரோடு முழுக்க மணல் மேல் போகிறது. களிமண் என்றால் ஓரளவு பிடித்துக்கொள்ளும், பாறை என்றால் கேட்கவே வேண்டாம். மணலுக்கு ஒன்றோடொன்று ஒட்டும் குணமே கிடையாது. ஒரு கைப்பிடி அள்ளி எவ்வளவு இறுக்கினாலும் விரலைத் திறந்ததும் போய்விடும். அப்படியே அதன் மேல் ஜல்லி பரப்பித் தார் போட்டால் முதல் மழைக்கே ரோடு படுத்துவிடும். அதனால் மணலில் சிமெண்ட் கலந்து, அளவாகத் தண்ணீர் தெளித்து, ரோலரால் அழுத்துவோம். தண்ணீர் பட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நேரம் தாண்டினால் சிமெண்ட் தன் பாட்டுக்கு இறுகத் தொடங்கிவிடும், அதற்கப்புறம் ரோலர் ஏறினால் இறுகியதைத்தான் உடைக்கும். சரியாகச் செய்தால் ஏழு நாளில் அந்த மணலில் ஆணி இறங்காது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

இறுகியதா இல்லையா என்று பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ரோலர் முதல் தடவை போன கையோடு அதன் பின்னாலேயே நடந்து கலவையை வாளியில் அள்ளுவேன். கலக்கும் மிஷினின் வாயிலேயே பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு, அது சுலபம், செருப்பு அழுக்காகாது. நான் ரோலருக்குப் பின்னால்தான் எடுப்பேன். ரோட்டில் கிடக்கப்போவது அதுதானே. அதை இரும்பு அச்சில் இடித்து உருளையாக்கி, எந்த நூறு மீட்டர் என்பதை ஆணியால் கீறி, ஈரச் சாக்கில் சுற்றி ஏழு நாள் வைப்பேன். ஏழாம் நாள் மிஷினில் வைத்து நசுக்கினால் முள் ஏறிக்கொண்டே போய் ஒரு எண்ணில் நிற்கும். உருளை உடைந்த எண். பதினேழுக்குக் குறைந்தால் அந்த நூறு மீட்டரையும் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

எங்கள் எஞ்சினியரைப் பெரிய சார் என்போம். நல்ல மனிதர், கத்த மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். எண் குறைந்தால் அவர் கேட்கும் கேள்வி மட்டும் எப்போதும் ஒன்றுதான். “யாரால?” என்பார். எதனால் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

அத்தானைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். அக்காவின் கணவர். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்கா, அவளைக் கட்டிய நாளிலிருந்து அந்தப் பாரத்தில் பாதியை வாங்கிக்கொண்டவர் அத்தான். என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அப்போது அங்கே ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்கள் வீட்டில். என்னை “மாப்ள” என்பார். ரோலரில் ஏறும்போதெல்லாம், “மாப்ள, பின்னாடியே ஒட்டிக்கிட்டு வராதடா, ஒரு நாள் ரிவர்ஸ் எடுத்துடப் போறேன்” என்று தினமும் ஒரே ஜோக்கைச் சொல்வார். நானும் தினமும் சிரிப்பேன்.

ஒரு நாள் காலையில் அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். முதலில் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள், ஐந்து தடவை. மிஷின் ஓடும்போது நான் போனை டிராயருக்குள் போட்டு மூடிவிடுவேன், எண்ணைப் படிக்கும்போது கவனம் சிதறக் கூடாது என்பதற்காக. அப்புறம்தான் அவள் அத்தானைக் கூப்பிட்டாள். அவர் ரோலரை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினார். தண்ணீர் தெளித்த கலவை இருநூறு மீட்டருக்குப் பரப்பிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டு அவர் திரும்பி வர நாலு மணி நேரம் ஆயிற்று. வந்தவர் நேராக ஏறி உருட்ட ஆரம்பித்தார். நான் வழக்கம்போல வாளியோடு பின்னால் நடந்தேன். ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்கு அந்த ஜோக்கைச் சொல்லவில்லை.

ஏழாம் நாள் முள் ஒன்பதில் நின்றது. ஒன்பது என்று எழுதினேன். பெரிய சார் “யாரால?” என்றார். “ரோலர் நாலு மணி நேரம் லேட்டு சார்” என்றேன். நான் சொன்னது அந்த ஒரு வரிதான், அதில் பொய் இல்லை. அக்கா விழுந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது யாரால் என்று, எதற்காக என்று இல்லையே. அன்று மாலையே அத்தானை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

அக்கா கட்டுப் போட்ட காலைத் தலையணையில் நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருக்கலாம்லடா” என்றாள்.

“எண் அதுதானேக்கா.”

“எண்ணாம் பெரிய எண்ணு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தான் பிறகு தையல் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டப் போனார். மூன்று வருடம் அவர் என்னோடு பேசவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்பக்கமாகக் கிளம்பிவிடுவார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டு பாதிச் சோற்றோடு மேசையில் இருக்கும். அக்கா அதை எடுத்து மூடி வைப்பாள். நாலு அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். “நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை மூஞ்சி குடுத்துப் பேசிட்டாப் போதும்டா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்பாள் அக்கா. ஒவ்வொரு வாரமும் இதையே சொல்வாள். அவள் கால் சரியாகிவிட்டது, கொஞ்சம் இழுத்து நடப்பாள்.

பதினொன்றாவது கிலோமீட்டருக்கு வருகிறேன். அங்கே ரோடு ஏரியின் கரையை ஒட்டிப் போகிறது. அதுவரை வெள்ளை மணல், அங்கே மட்டும் பழுப்பு. ஏரி ஒரு காலத்தில் அங்கே வரைக்கும் இருந்திருக்கிறது, வேரும் இலையும் மக்கி மணலோடு கலந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட மணலில் சிமெண்ட் பிடிக்காது. மக்கல் அதை இறுக விடாது. வாளியில் அள்ளும்போதே வாசனை அடித்தது. அந்த மணலை ஒரு ஆள் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு நல்ல மணல் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். மூன்று வாரம் பிடிக்கும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே தெரியும்.

முதல் மூன்று உருளையும் ஆறில் உடைந்தன. உடைந்தன என்றுகூடச் சொல்ல முடியாது, உதிர்ந்தன. நான் அந்த ஆறை எழுதப் பேனாவை எடுத்தேன். அப்போது கண்ணாடிக்காரர் லேபுக்குள் வந்தார். அத்தானுக்குப் பதில் வந்த ரோலர் டிரைவர் அவர். மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டாராம், ஒரு பொட்டலம் மிட்டாய் வைத்திருந்தார். “எடுத்துக்கங்க தம்பி” என்றார். என் கையில் பேனாவைப் பார்த்துவிட்டு, “நம்ம எண்ணு எப்படி வந்திருக்கு?” என்று கேட்டார். நம்ம எண்ணு என்றார். பெரிய சார் கேட்கப்போவது யாரால் என்று. மணலால் என்று சொன்னால் அவருக்கு அது பதிலாகவே படாது.

ஐயா, ஒரு ஆளின் முகம் என் கண் முன்னால் சுருங்குவதை என்னால் இன்னொரு தடவை பார்க்க முடியாது. அது பெரிய குணம் என்று சொல்லவில்லை. சிலருக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும், எனக்கு இது. “நல்லா வந்திருக்குண்ணே” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதற்கு ஏற்பாடு செய்யத்தானே வேண்டும்.

நல்ல மணல் உள்ள இடங்களில் நான் எப்போதும் இரண்டு மூன்று உருளை கூடுதலாகப் போட்டு வைப்பேன். ஒன்று கை தவறி உடைந்தால் ஆகுமே என்று. நாலாவது கிலோமீட்டரின் உருளைகள் அலமாரியில் இருந்தன, இன்னும் எண் கீறாதவை. அதில் பதினொன்று என்று கீறி மிஷினில் வைத்தேன். இருபத்திரண்டு வந்தது. நாள் ஆக ஆக உருளைக்குப் பலம் கூடும், நமக்குத்தான் குறையும். முள் இருபத்திரண்டில் நின்றதை என் கண்ணால் பார்த்து, இருபத்திரண்டு என்று எழுதினேன். நீங்கள் என் ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்துப் பாருங்கள், நான் பார்க்காத எண் ஒன்றுகூட இருக்காது. பதினெட்டு வருடத்தில் பொய் எண் எழுதியதே இல்லை. உருளைதான் வேறு.

பெரிய சார் என் தோளில் தட்டினார். கண்ணாடிக்காரர் மகள் கல்யாணத்துக்கு என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார். அதற்கு அடுத்த நூறு மீட்டரும் பழுப்பு மணல்தான், அதற்கு அடுத்ததும். அந்தக் கிலோமீட்டரில் மொத்தம் ஏழு இடம். நல்ல மணலில் இப்போது நான் ஆறு ஆறாக உருளை போட ஆரம்பித்தேன். கேம்பில் எல்லோருக்கும் என்னைப் பிடித்திருந்தது. காலையில் கிழங்கு, கிழங்கு என்று நாலு பக்கமும் குரல் வரும். சமையல்காரர் எனக்கென்று அடிக்கரண்டிக் குழம்பை எடுத்து வைப்பார். அத்தான் போன பிறகு முதல் தடவையாக எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையான உருளைகளை நான் போடாமல் விடவில்லை. ரோலருக்குப் பின்னால் நடந்து அந்தப் பழுப்பு மணலையும் அள்ளி, முறைப்படி இடித்து, எண் கீறி, ஈரச் சாக்கில் சுற்றி, லேபுக்குப் பின்னால் ஒரு நீல டிரம்மில் வைத்தேன். விடுமுறை நாளில் யாரும் இல்லாதபோது எடுத்து நசுக்கிப் பார்த்து, எண்ணை இந்த நோட்டில் எழுதினேன். ஆறு, ஐந்து, ஏழு, மறுபடி ஐந்து. சிலவற்றை நசுக்க மனம் வரவில்லை. ஒன்பது உருளைகளை முழுசாகவே விட்டுவிட்டேன். யாராவது ஒரு நாள் கேட்டால் எடுத்துக் காட்டலாம் என்று இருந்தது. ஊருக்குப் பொய் சொல்கிறவன் தனக்கும் சொல்லிக்கொள்வான் என்பார்கள், நான் அப்படி இல்லை. எந்த இடம் எவ்வளவு தாங்கும் என்று எனக்கு எப்போதும் தெரிந்திருந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை.

ரோட்டைத் திறந்தார்கள். ஒன்றரை வருடம் ஒன்றும் ஆகவில்லை. தார் மேலே நன்றாக மூடியிருந்தது, அடியில் ஈரம் புக வழி இல்லாதவரை எதுவும் நின்றுவிடும். ரோட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்கே கொடுத்தார்கள். பைக்கின் பின்னால் இரண்டு சிவப்புக் கொடியும் ஒரு மடக்குத் தடுப்பும் கட்டிக் கொடுத்தார்கள். நோயாளிச் சொந்தக்காரரை எட்டிப் பார்க்கிற மாதிரி தினம் ஒரு தடவை பதினொன்றாவது கிலோமீட்டருக்குப் போய்விட்டு வருவேன். அந்த ரோட்டில்தான் அத்தானின் வேனும் போகும். தூரத்திலேயே தெரியும், முன் கண்ணாடிக்கு மேல் மஞ்சள் பட்டை. என்னைத் தாண்டும்போது நேரே பார்த்துக்கொண்டு போவார். நானும் குனிந்து ஏதாவது கல்லை எடுத்துப் பார்ப்பேன்.

அப்புறம் அந்த மழை. ஐந்து நாள் விடாமல் பெய்ததே, உங்களுக்கே தெரியும். ஆறாம் நாள் மத்தியானம் மழை விட்டது. இரண்டரை மணி இருக்கும், நான் அங்கே போனேன். ஏரித் தண்ணீர் கரை விளிம்பு வரை ஏறியிருந்தது. ரோட்டின் ஏரிப் பக்க ஓரத்தில் தாரில் ஒரு விரிசல், நீளமாக, என் கை விரல் நுழையும் அளவுக்கு. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். அடியில் சிமெண்ட் மண் இருக்க வேண்டிய இடத்தில் ஈர மணல் இருந்தது. விரலோடு வந்தது. குதிகாலால் தட்டினால் பானையைத் தட்டிய மாதிரி ஒலித்தது.

பெரிய சாருக்குப் போன் போட்டேன். “சார், பதினொண்ணாவது கிலோமீட்டர்ல ஓரமா ஒரு விரிசல். ரோட்டை மூடிடலாமா?”

“உன் ரிப்போர்ட்ல அங்க என்ன எண்?”

“இருபத்திரண்டு சார்.”

“அப்புறம் என்னப்பா? இருபத்திரண்டுக்குக் கப்பலே போகலாம். மூடினா மேல இருந்து கேப்பாங்க, யாரால மூடினதுன்னு. நீ பதில் சொல்றியா?”

“இல்ல சார், சும்மா கேட்டேன்” என்று வைத்துவிட்டேன்.

பைக்கிலிருந்து ஒரு சிவப்புக் கொடியை எடுத்தேன். அதைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றேன். நடுவதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. நட்டால் யாராவது வந்து ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் மணலைக் காட்ட வேண்டும், மணலைக் காட்டினால் டிரம்மைக் காட்ட வேண்டும். ஒரு லாரி ஏரிக்கு எதிர்ப்பக்கமாகப் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

மூன்று மணி ஷிப்டுக்கான நேரம் அது. மஞ்சள் பட்டை தெரிந்தது. நான் வழக்கம்போலக் குனிந்துகொள்ளப் பார்த்தேன், ஆனால் வேன் மெதுவாகி என் பக்கத்தில் நின்றது. அத்தான் கண்ணாடியை இறக்கினார். தலை நன்றாக நரைத்திருந்தது, அவ்வளவு பக்கத்தில் மூன்று வருடமாக நான் பார்க்கவில்லை. பின்னால் பன்னிரண்டு பெண்கள், குடைகளை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன மாப்ள, கொடியும் கையுமா நிக்கிற?” என்றார்.

மாப்ள என்கிற வார்த்தை, ஐயா. அதைக் கேட்பதற்காக அந்த வீட்டு வாசலில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை செருப்பைக் கழற்றியிருப்பேன்.

“சும்மா பாத்துட்டிருக்கேன் அத்தான்.”

“போலாமா?”

நான் கொடியை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன். அவர் சிரித்தார். “நீ பின்னாடியே நடந்து நடந்து அள்ளிப் பாத்த ரோடு. எனக்கே விட்டுக்குடுக்காதவன், வேற யாருக்கு விட்டுக்குடுத்திருக்கப் போற. நீ சரின்னா சரி.” பிறகு கியரில் கையை வைத்துக்கொண்டே, “இந்த ஞாயித்துக்கெழமை வா. நான் எங்கயும் போகல, வீட்லதான் இருப்பேன். உங்க அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா” என்றார்.

என் நிலைமையை நீங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவை ஒன்பது என்று சொல்லி அந்த மனிதரை நான் வேலையிலிருந்து இறக்கியிருக்கிறேன். மூன்று வருடம் கழித்து, தானாக வேனை நிறுத்தி, தானாகக் கூப்பிடுகிறார். அந்த நேரத்தில் போகாதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஏன் என்று கேட்பார். அவருடைய மணலுக்கு ஒன்பது என்று எழுதினவன், அடுத்தவனுடைய ஆறுக்கு இருபத்திரண்டு எழுதினேன் என்று சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அந்த முகம் சுருங்குவதை நான் பார்க்க வேண்டும்.

“போங்க அத்தான்” என்றேன். கொடியை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன்.

எதிரே ஒரு பஸ் வந்தது. அத்தான் மரியாதைக்காரர், வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார், ஏரிப் பக்கம். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. தார் முதலில் ஒரு துண்டாக மடங்கியது, அதோடு வேன் பக்கவாட்டில் சரிந்து தண்ணீருக்குள் போய் உட்கார்ந்தது. பஸ்காரர் கவனிக்காமலே போய்விட்டார். தண்ணீர் ஆழம் இல்லை, ஜன்னலில் பாதி அளவுதான் முதலில். அடியில் மணல் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

முன்பு உங்கள் ஆளிடம், போனில் சிக்னல் இல்லை, அதனால்தான் ஊருக்குள் ஓடினேன் என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். சிக்னல் இருந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்றுதான் பெரிய சாரோடு பேசினேன், நீங்கள் போன் கணக்கில் பார்த்துவிட்டீர்கள்.

நான் கரையில் இரண்டு அடி இறங்கினேன். முழங்கால் வரை புதைந்தது. மணலை எனக்குத் தெரியும், மூன்றாவது அடி வைத்தால் நானும் போவேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த இரண்டாவது அடியில் எனக்கு ஞாபகம் வந்தது டிரம். ஆட்கள் வருவார்கள், மண் எடுப்பார்கள், லேபுக்கு வருவார்கள். ஒன்பது உருளை, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் பதினொன்று.

காலை உருவிக்கொண்டு மேலே ஏறினேன். அத்தான் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தார். ஒரு பெண்ணைத் தோளில் தாங்கி மேலே தள்ளிக்கொண்டிருந்தார். “மாப்ள, பின் கதவு. வெளியில இருந்து இழு” என்றார். பதறவில்லை, ரோலரில் இருந்து வேலை சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கதவைத் திறக்கத்தான் சுற்றிப் போகிறேன் என்று நினைத்திருப்பார். நான் பைக்கை எடுத்தேன்.

லேப் அங்கிருந்து நாலு கிலோமீட்டர். வழியில் பெட்ரோல் பங்கில் ஐந்தாறு பேர் நின்றார்கள், ஒருவர் எனக்குக் கை காட்டினார், நானும் காட்டினேன். டிரம்மைத் திறந்து ஒன்பதையும் வெளியே எடுத்தேன். சுத்தியல் தேவைப்படவில்லை. ஒன்றிரண்டைத் தரையில் தட்ட வேண்டியிருந்தது, மற்றதெல்லாம் கையாலேயே உதிர்ந்தன. மணலைக் கூட்டி வெளியே கொட்டி, டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நோட்டு மட்டும் நினைவுக்கு வரவில்லை. கை கழுவினேன். அதன் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன், மூன்று முப்பத்தைந்துக்கு. இதுவும் உங்கள் கணக்கில் இருக்கும்.

ஆறு பெண்கள் தாங்களாகவே ஜன்னல் வழியாக வந்துவிட்டார்கள், அத்தான் தூக்கிவிட்டவர்கள். மற்ற ஆறு பேரும் அத்தானும் வரவில்லை. வேன் முழுசாக மூழ்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது என்று தப்பியவர்கள் சொன்னதாகப் பேப்பரில் படித்தேன். பங்கில் இருந்தவர்கள் வந்திருந்தால் கதவை இழுத்திருக்கலாம். நான் ஒருவனே இழுத்திருந்தாலும் திறந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். மணல் என் முழங்காலுக்கு மேல் போகவில்லை.

எண் எழுதியது நான், உருளையை மாற்றியது நான், போகச் சொன்னது நான், கேட்டும் திரும்பிப் போனது நான். பெரிய சார் கேட்டால் இதையே சொல்லுங்கள். யாரால் என்பதற்கு இந்தத் தடவை சரியான பதில் இருக்கிறது. கண்ணாடிக்காரரை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்திலுமா? சரி. அக்காவை நான் இன்னும் பார்க்கவில்லை, என்னைப் பார்க்க வருவாளா என்றும் தெரியவில்லை. இதையெல்லாம் யாராவது அவளுக்குச் சொல்லத்தான் போகிறீர்கள். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள், ஐயா, அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அத்தானும் நானும் அன்றைக்குப் பேசிவிட்டோம்.